ரவிக்கைக் கையும் ஃப்ளூ ஊசியும்

"இன்னா டீச்சர், அந்த ஊசி போட்டா காய்ச்சல் வருமாமே, மெய்தானா?"

மார்ச் பிறந்தால் எங்கள் தெருவில் இந்தக் கேள்வியும் பிறந்துவிடும். 2025-இல் கேட்டவர் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. அப்போது வயது 84. அறுபதுகளில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், இந்தச் சாட்ஸ்வொர்த் பகுதியில் குடியேற்றிய நாளிலிருந்து அதே வீட்டில் இருக்கிறார். அவருடைய தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர். அந்த ஊர்ப் பேச்சு பெரியம்மாவின் வாயில் இன்னும் அப்படியே இருக்கிறது. நான் கும்பகோணத்துக்காரி. 1997-இல் கணவரின் வேலையை ஒட்டி டர்பன் வந்தேன். வந்த வருடத்திலிருந்து கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். 2025-இல் எனக்கு 68.

ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பெரியம்மாவுக்குப் பதில் சொல்ல மனம் வரவில்லை. அதுவரை மூன்று வருடம் அந்த ஊசியைப் போட்டிருந்தேன். அதில் ஒரு வருடம் என் இடது தோள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. அப்படியிருந்தும் அடுத்த வருடம் மறுபடி போய்க் கையை நீட்டினேன். ஏன் நீட்டினேன் என்பதை அன்று சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விலாவாரியாகச் சொன்னேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெரிதாக நோய்நொடி இல்லாமல் அறுபதைத் தாண்டிவிட்டு, "எனக்கெதற்கு இந்த ஊசி, போட்டால் படுத்துவிடுவேனோ" என்று தயங்குகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதல் வருடம் 2022. அந்த ஏப்ரலில் டர்பனை வெள்ளம் புரட்டிப்போட்டது. 400 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். சாலைகள் பிளந்தன, தண்ணீர்க் குழாய்கள் உடைந்தன. எங்கள் பக்கம் பல நாள் குழாயில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. தண்ணீர் லாரி சத்தம் கேட்டால் வாளியும் கேனுமாக ஓடவேண்டும். அந்தச் சமயத்தில்தான் மே முதல் வாரம் அரசு கிளினிக்குக்கு ரத்த அழுத்தம் பார்க்கப் போனேன். இங்கே 65 வயது ஆனவர்களுக்கு அரசு கிளினிக்கில் ஃப்ளூ ஊசி இலவசம். கர்ப்பிணிகளுக்கும், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும், இதயம், நுரையீரல், சர்க்கரை என்று நாள்பட்ட நோய் உள்ளவர்களுக்கும் அப்படித்தான். எனக்கு அப்போதுதான் 65 முடிந்திருந்தது. ஜுலு சிஸ்டர் ஒருவர், "கோகோ, கையைத் தொங்கவிடுங்கள், இறுக்காதீர்கள்" என்றார். கோகோ என்றால் அவர்கள் மொழியில் பாட்டி. எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது. கால் மணி நேரம் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அனுப்பினார்.

அன்று ராத்திரி கை வலித்தது. மறுநாள் இடுப்பு வலித்தது. உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி அசதி. "ஊசி வேலையைக் காட்டிவிட்டது" என்று நான் முனகியதும் என் கணவர் கேட்டார்: "நேத்து எத்தனை வாளி தூக்கினே?"

எண்ணிப் பார்த்தேன். பதினொன்று. ஊசி போட்ட கையிலும் தூக்கினேன், போடாத கையிலும் தூக்கினேன். இதில் எந்த வலி ஊசியுடையது, எந்த வலி வாளியுடையது? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்கு அது சும்மா ஒரு பேச்சு. இரண்டு வருடம் கழித்துத்தான் அந்தக் கேள்வியின் அருமை புரிந்தது.

என் கணவர் இந்த ஊசிக்குப் பரம விரோதி, அதையும் சொல்லவேண்டும். 2016-இல் அலுவலகத்தில் எல்லோருக்கும் போட்டார்கள். அவரும் போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் நல்ல காய்ச்சல். அன்றோடு சத்தியம் பண்ணிவிட்டார், இனிமேல் கிடையாது என்று. நானும் பல வருடம் அதை நம்பி, கேட்டவர்களிடமெல்லாம் அப்படியே சொல்லியிருக்கிறேன். எத்தனை பேர் என் பேச்சைக் கேட்டுப் போடாமல் இருந்தார்களோ என்று இப்போது நினைத்தால் மனசு உறுத்துகிறது.

எங்கள் குடும்ப டாக்டர் இங்கேயே பிறந்த தமிழ்ப் பெண். தமிழ் புரியும், பேசத் தயங்குவார். அவர்தான் எனக்கு விளக்கினார். நமக்குப் போடும் ஃப்ளூ ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை. கோழிமுட்டைக்குள் வைரஸை வளர்த்து, கொன்று, துண்டாக்கி, அதன் மேல்தோலில் உள்ள புரதத்தை மட்டும் பிரித்தெடுக்கிறார்கள். செத்த கிருமியின் துண்டு ஃப்ளூவை உண்டாக்காது. உடம்பு அந்தப் புரதத்தைப் பார்த்து எதிர்ப்பு சக்தியைத் தயார் செய்யும்போது லேசாக உடம்பு சுடலாம், அசதி வரலாம், ஒன்றிரண்டு நாளில் அடங்கும். ஆனால் முழுப் பாதுகாப்பு வர இரண்டு வாரம் ஆகும். ஃப்ளூ கிருமி உள்ளே நுழைந்து நோயாகத் தலைகாட்ட ஒன்றிலிருந்து நாலு நாள் போதும். ஆகவே ஊசி போட்ட மூன்றாம் நாள் ஒருவருக்குக் காய்ச்சல் அடித்தால், ஊசிக்கு ஒரு நாள் முன்னோ பின்னோ எங்கோ ஒட்டிக்கொண்ட கிருமியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். சளிக் கிருமிகள் வேறு ஏராளம் சுற்றுகின்றன, அவற்றையெல்லாம் இந்த ஊசி தடுக்காது. என் கணவர் அலுவலகத்தில் ஊசி போட்டதே நாலு பேர் இருமத் தொடங்கிய பிறகுதான் என்று அப்புறம் ஞாபகம் வந்தது.

டாக்டர் சொன்னதில் என் மனதில் நன்றாகப் பதிந்தது ஒரு பழைய ஆராய்ச்சி. நெதர்லாந்தில் நடந்தது, 1993-இல் வெளியானது. அறுபது வயதுக்கு மேற்பட்ட 1806 பேர். பாதிப் பேருக்கு உண்மையான ஃப்ளூ ஊசி, மறு பாதிப் பேருக்கு மருந்தில்லாத ஊசி. யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பிறகு எல்லோரையும் கேட்டார்கள், என்ன தொந்தரவு வந்தது என்று. ஊசி குத்திய இடத்தில் வலி, வீக்கம், சிவப்பு என்று சொன்னவர்கள், உண்மையான ஊசி போட்டவர்களில் 100-க்கு 17 பேருக்குச் சற்று மேல், மற்றவர்களில் 7 பேர். அதில் நிஜமாகவே வித்தியாசம் இருக்கிறது. ஆனால் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி, அசதி என்று சொன்னவர்களைப் பாருங்கள்: உண்மையான ஊசியில் 100-க்கு 11 பேர், மருந்தில்லாத ஊசியில் 9 பேருக்குச் சற்று மேல். வித்தியாசம் இருக்கிறது என்று சொல்ல முடியாத அளவு.

மருந்தே இல்லாத ஊசிக்கு அப்புறமும் நூற்றில் ஒன்பது பேர் உடம்பு சரியில்லை என்கிறார்கள்! அவர்கள் பொய் சொல்லவில்லை. நம் வயதில் ஒரு வாரத்தில் ஏதாவது ஒரு நாள் தலை கனக்கும், முட்டி குத்தும், தூக்கம் கெடும். ஊசி போட்ட வாரத்தில் அது வந்தால் பழி ஊசி மேல் விழுகிறது. அமெரிக்காவில் வயதான முன்னாள் ராணுவத்தினரிடம் செய்து, 1990-இல் வெளியான ஆராய்ச்சியிலும் இதே கதைதான். கைவலி மட்டும் கூடுதல், மற்றதெல்லாம் இரு பக்கமும் ஒரே மாதிரி. இன்னொன்றும் டாக்டர் சொன்னார். வயதாக ஆக உடம்பின் எதிர்ப்பு வேகம் குறைகிறது, அதனால் வாலிபப் பிள்ளைகளைவிட நமக்கு இந்தத் தொந்தரவுகள் குறைவாகத்தான் வரும். அதே காரணத்தால் ஊசி தரும் பாதுகாப்பும் நமக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டையும் மறைக்காமல் சொன்னதால்தான் அவர் பேச்சில் எனக்கு நம்பிக்கை வந்தது.

இப்போது என் தோள் கதைக்கு வருகிறேன். 2023 ஏப்ரல். கிளினிக் வரிசையில் நிற்க நேரமில்லாமல், சாமான் வாங்கப் போன இடத்தில் ஒரு மருந்துக்கடையில் போட்டுக்கொண்டேன். கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு அப்படியே போயிருந்தேன். பட்டுப்புடவை, முழங்கை வரை பிடித்த ரவிக்கை. ஊசி போட வந்த பெண் ரவிக்கைக் கையைச் சுருட்டிப் பார்த்தாள், பாதிக்கு மேல் ஏறவில்லை. பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். கழுத்துப் பக்கம் ரவிக்கையைத் தோளிலிருந்து கொஞ்சம் இறக்கிவிட்டு, தெரிந்த இடத்தில் குத்திவிட்டாள். நான் நாற்காலியில், அவள் நின்றபடி, மேலிருந்து கீழாக. ஒரு நொடி எலும்புக்குப் பக்கத்தில் ஏதோ சுருக்கென்றது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று ராத்திரி வந்த வலி முதல் வருடத்து வலி இல்லை. அது சதையில் இருந்தது, தொட்டால் தெரிந்தது. இது தோள் மூட்டுக்குள் ஆழத்தில் உட்கார்ந்துகொண்டு, கையைத் தூக்கினால் மட்டும் வெட்டியது. இரண்டு நாளில் போகும் என்றிருந்தேன். ஒரு வாரம் ஆயிற்று, போகவில்லை. இடது கையைத் தோள் உயரத்துக்கு மேல் கொண்டுபோக முடியவில்லை. கொண்டை போட முடியவில்லை. கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பாவாடை நாடாவைத் திருப்ப முடியவில்லை. கரும்பலகையில் மேல் வரியை அழிக்க வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கூப்பிடவேண்டியிருந்தது. ராத்திரி இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து மாதக்கணக்காயிற்று.

மருந்துக்கடைக்குப் போய்ச் சொன்னேன். "ஊசி போட்டால் வலிக்கத்தான் செய்யும் ஆன்ட்டி" என்று அனுப்பிவிட்டார்கள். அந்தப் பதில் எனக்கு ஊசியைவிட வலித்தது. டாக்டர்தான் கையை நாலு விதமாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, குத்திய இடத்தைக் காட்டச் சொன்னார். காட்டியதும் புரிந்துகொண்டார். ஊசி ரொம்ப மேலே போய்விட்டது. தோள் மூட்டில் எலும்பும் தசைநாரும் உரசாமல் இருக்க ஒரு சின்ன நீர்ப்பை உண்டு. மருந்து சதைக்குள் இறங்காமல் அந்தப் பக்கம் இறங்கினால் அங்கே வீக்கம் கண்டு, வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் வலி நிற்கும். இது மருந்தின் கோளாறு இல்லை, குத்திய இடத்தின் கோளாறு. எந்தத் தடுப்பூசியிலும் நடக்கலாம், அபூர்வமாகத்தான் நடக்கிறது. ஸ்கேனில் வீக்கம் தெரிந்தது. வீக்கம் தணிக்கும் மாத்திரை கொஞ்ச நாள், அப்புறம் பிசியோதெரபி. மேஜையைப் பிடித்துக் குனிந்து நின்று கையைக் கிணற்றுக் கயிறு மாதிரித் தொங்கவிட்டு ஆட்டுவது, சுவரில் விரல்களால் பல்லி ஏறுவதுபோல மெல்ல மெல்ல ஏறுவது. சுவரில் பென்சிலால் கோடு போட்டு வைப்பேன், நேற்று எதுவரை, இன்று எதுவரை என்று. ஐந்து மாதம் ஆயிற்று, கை பழையபடி தலைக்கு மேல் போக. அந்தப் பென்சில் கோடுகள் இன்னும் சமையலறைச் சுவரில் இருக்கின்றன.

இதிலிருந்து நான் கற்றதை எங்கள் கோயில் பெண்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். ஊசி போடப் போகும் அன்று இறுக்கிப் பிடித்த ரவிக்கை வேண்டாம். தோள் முழுவதும் தெரியும்படி கை தளர்ந்த ரவிக்கையோ, கையில்லாத சட்டையும் மேலே ஒரு சால்வையுமோ போதும். குளிர்காலத்தில் ஸ்வெட்டருக்குக் கீழே இதைப் போட்டுக்கொள்ளுங்கள். தோள்பட்டையின் முனையில் எலும்பு விளிம்பு தட்டுப்படும். அதற்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே, கையின் வெளிப்பக்கச் சதை திரண்டிருக்கும் இடத்தில், நேராகக் குத்தவேண்டும். நீங்கள் உட்கார்ந்திருந்தால் போடுகிறவரையும் உட்காரச் சொல்லுங்கள். கூச்சப்படவேண்டாம். "கொஞ்சம் கீழே போடும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு ஐந்து மாதம் மிச்சமாகியிருக்கும். வலது கைக்காரர்கள் இடது கையில் போட்டுக்கொள்வது வழக்கம், அதோடு நீங்கள் எந்தப் பக்கம் படுப்பீர்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். ஏதாவது கோளாறு ஆனால் தெரிவிக்கவும் இங்கே வழி இருக்கிறது. மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையமான சாப்ராவுக்கு, 'மெட் சேஃப்டி' என்ற செல்போன் செயலி வழியாக நோயாளியே எழுதலாம். எனக்குத் தெரிய நாளாயிற்று, ஆனாலும் எழுதினேன்.

தோளோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அதே 2023-இல், ஜூன் மாதம், வீட்டில் ஃப்ளூ வந்தது. ஊசி வேண்டாம் என்ற மனிதருக்கு. சளி வேறு, ஃப்ளூ வேறு என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டவர் சாயங்காலம் படுக்கையிலிருந்து எழவில்லை. தெர்மாமீட்டரில் 39.5 டிகிரி செல்சியஸ். பல் கிட்டிக்கொண்டு நடுக்கம். கண்ணை அசைத்தால் வலிக்கிறது என்றார். ஐந்து நாள் காய்ச்சல், பத்து நாள் படுக்கை, ஆறு வாரம் இருமல். நெஞ்சில் சளி கட்டிவிட்டதோ என்று எக்ஸ்ரே எடுத்தார்கள், நல்லவேளையாக நுரையீரல் தப்பித்தது. எடை ஐந்து கிலோ குறைந்தது. தூக்க முடியாத கையை வைத்துக்கொண்டு அவரைத் தாங்கிப் பிடித்துக் குளியலறைக்குக் கூட்டிப்போன இரவுகளை நான் மறக்கமாட்டேன். எனக்கு ஃப்ளூ வரவில்லை. ஊசியால்தான் வரவில்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. நல்ல பொருத்தமான வருடத்தில்கூட இந்த ஊசி நூற்றுக்கு நாற்பது முதல் அறுபது வரைதான் காக்கும் என்கிறார்கள். வந்தாலும் ஆஸ்பத்திரி வரை போகாமல் காப்பதுதான் நம் வயதில் அதன் பெரிய உதவி. ஐந்து மாதத் தோள்வலியையும் அந்தப் பத்து நாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தோள்வலியைத் தவிர்க்க எனக்கு வழி தெரிந்துவிட்டது. அந்தப் பத்து நாளைத் தவிர்க்க ஊசியை விட்டால் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

2024-இல் ஒரு நோட்டுப் போட்டேன். டாக்டர் சொன்ன அந்த நெதர்லாந்துக் கதைதான் காரணம். ஊசிக்கு ஏழு நாள் முன்னாலேயே எழுத ஆரம்பித்தேன். தினம் ராத்திரி மூன்று வரி: உடம்பு சூடு, கை, மற்றது. முன் வாரத்தைப் புரட்டினால் இப்படி இருக்கிறது: "முழங்கால் குத்தல்." "நாலு மணிக்கே விழிப்பு." "பங்களாதேஷ் மார்க்கெட் (எங்கள் சாட்ஸ்வொர்த் சந்தை) போய் வந்தது, தலை கனம்." "ஒன்றுமில்லை." "தும்மல், பூந்தூசியோ?" ஏழில் ஐந்து நாள் ஏதோ ஒன்று. இதெல்லாம் ஊசி போடுவதற்கு முன்னால்!

ஊசி போட்டது காலை பத்து மணிக்கு. அதே அரசு கிளினிக், தளர்ந்த ரவிக்கை, சரியான இடம். மூன்று மணி வரை ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் அழுத்தினால் வலித்தது. ராத்திரி ஒன்பது மணிக்கு அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை. மறுநாள் காலைதான் உச்சம். குத்திய இடத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சிவப்பு, தொட்டால் சூடு. ஆனால் கை தலைக்கு மேல் போயிற்று. போன வருடத்து வலிக்கும் இதற்கும் வித்தியாசம் அதுதான். உடம்பு சூடு 37.2, அசதி கொஞ்சம். மத்தியானம் ஒரு மணி நேரம் தூங்கினேன். இரண்டாம் நாள் சாயங்காலம் சப்பாத்தி மாவு பிசைந்தேன். மூன்றாம் நாள் அழுத்தித் தேடினால்தான் வலி. "மற்றது" வரியில் பின் வாரத்தில் நாலு நாள் ஏதோ இருந்தது, முன் வாரத்தைவிட ஒன்று குறைவு. நோட்டை என் கணவரிடம் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் அவரே போய்ப் போட்டுக்கொண்டு வந்தார்.

கைவலிக்கு என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு: ஈரத்துணி வையுங்கள், கையைச் சும்மா வைத்திருக்காமல் மெல்ல அசைத்துக்கொண்டே இருங்கள், தேய்த்து விடாதீர்கள். தைலம் போட்டு அழுத்தி உருவுவது நம் வீட்டுப் பழக்கம், இதற்கு வேண்டாம். முடியாவிட்டால் பனாடோ என்ற பாரசிட்டமால் மாத்திரை ஒன்றோ இரண்டோ போடலாம். வலி வருவதற்கு முன்னாலேயே போட்டு வைக்கத் தேவையில்லை. இங்கே பெரியவர்கள் பலர் எதற்கெடுத்தாலும் கிராண்ட்பா என்ற வலிநிவாரணிப் பவுடரை வாயில் கொட்டிக்கொள்வார்கள். அதிலும் பனாடோவில் உள்ள அதே பாரசிட்டமால் இருக்கிறது, கூடவே ஆஸ்பிரினும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் பாரசிட்டமால் அளவு கூடிப்போகும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆஸ்பிரின் ஆபத்து. அப்படி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஊசி போடலாம், ஆனால் சிஸ்டரிடம் முதலிலேயே சொல்லிவிட்டு, குத்திய இடத்தை இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடித்துக்கொள்ளவேண்டும்.

நியூஜெர்சியில் இருக்கும் என் தங்கைக்கு 66 வயது. அங்கே 65-க்கு மேல் நாலு மடங்கு வீரியமுள்ள ஊசி போடுகிறார்கள். அவளுக்குக் கைவலியும் அசதியும் என்னைவிடக் கூடுதல், ஒரு நாள் படுத்தே இருந்தாள். பாதுகாப்பும் அதில் கூடுதல் என்பதால் அவள் அதையே விரும்புகிறாள்.

பயப்படவேண்டியது எது என்பதையும் சொல்லாமல் போனால் தப்பு. ஊசி போட்ட சில நிமிடத்திலிருந்து சில மணி நேரத்துக்குள் முகமோ உதடோ வீங்கினால், உடம்பெல்லாம் தடித்தால், மூச்சு இழுத்தால் அது ஒவ்வாமை, ஒரு நிமிடம் தாமதிக்கக்கூடாது. பத்து லட்சம் ஊசிக்கு ஒன்றோ இரண்டோதான், அதற்காகத்தான் கால் மணி நேரம் உட்காரவைக்கிறார்கள். "பஸ் போய்விடும்" என்று எழுந்துவிடாதீர்கள். தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பு முறிவது நம் வயதில் ஊசியைவிடப் பெரிய சங்கடம். அடுத்தது, வாட்ஸ்அப்பில் வருடாவருடம் சுற்றும் கை கால் செயலிழக்கும் நோய், கில்லன் பாரே. 1976-இல் அமெரிக்காவில் பன்றிக்காய்ச்சலுக்குப் போட்ட ஊசியில், ஒரு லட்சம் பேருக்கு ஒருவர் வீதம் அது கூடுதலாக வந்தது. அந்த ஊசித் திட்டத்தையே நிறுத்தினார்கள். அது நடந்த கதைதான், மறுக்கவேண்டியதில்லை. இன்றைய ஊசிகளில் கூடுதல் ஆபத்து இருந்தால் பத்து லட்சத்துக்கு ஒன்று இரண்டு என்கிறார்கள். ஃப்ளூ நோயே அதை உண்டாக்கும், ஊசியைவிட அதிகமாக. அந்த நோய் ஒருமுறை வந்தவர்கள் மட்டும் டாக்டரிடம் பேசாமல் போடக்கூடாது. ஊசிக்குப் பின் ஆறு வாரத்துக்குள் இரண்டு கால்களும் பலவீனமாகி, அந்தப் பலவீனம் மேலேறினால் உடனே ஆஸ்பத்திரி. காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலும், ஒரு வாரம் கழித்தும் கையைத் தூக்க முடியாவிட்டாலும், "ஊசிதான், போய்விடும்" என்று வீட்டில் இருக்காதீர்கள். அது ஊசியே அல்லாத வேறு நோயாகக்கூட இருக்கலாம்.

பெரியம்மா இவ்வளவையும் கேட்டுவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "முட்டையிலே செய்றதுன்றியே, அப்ப விரதம்?"

நான் இதை யோசித்தே பார்க்கவில்லை. புனித வெள்ளிக்கு இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போவது பெரியம்மாவுக்கு ஐம்பது வருடப் பழக்கம், பத்து நாள் விரதம் இருந்து போவார். அன்று அங்கே ஆயிரக்கணக்கில் கூட்டம் நெரியும். 2025-இல் புனித வெள்ளி ஏப்ரல் 18. விரதம் 8-ஆம் தேதி ஆரம்பம். ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் வேண்டும். காலண்டரை எடுத்துவைத்துக்கொண்டு இருவரும் விரல்விட்டு எண்ணினோம். ஏப்ரல் 3-ஆம் தேதி போட்டால் விரதத்துக்கும் முன்னால், கூட்டத்துக்கும் பதினைந்து நாள் முன்னால். அந்த வருடம் ஃப்ளூ காலமும் மார்ச் கடைசி வாரத்திலேயே தொடங்கிவிட்டது, முந்தைய வருடத்தைவிட நாலு வாரம் சீக்கிரம். தள்ளிப்போட வழியில்லை. முட்டையே ஒத்துக்கொள்ளாதவர்களும் இப்போது இந்த ஊசி போடலாம் என்று டாக்டர் சொன்னதையும் சொன்னேன். அது அவருக்கு முக்கியமாகப் படவில்லை. அம்மனுக்குக் குறை வராமல் நாள் அமைந்ததுதான் முக்கியம். அது சரிதான் என்று எனக்கும் பட்டது. ஒருவர் விரதத்தை மதிக்காமல் அவரை ஊசிக்குக் கூட்டிப்போக முடியாது.

கிளினிக்கில் காத்திருந்தபோது பெரியம்மா தன் ஆயாவை, அதாவது பாட்டியைப் பற்றிச் சொன்னார். 1918-இல் ஃப்ளூ தென்னாப்பிரிக்காவுக்குள் நுழைந்தபோது ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் இறந்தார்கள். அந்த அக்டோபரைக் கறுப்பு அக்டோபர் என்கிறார்கள். பெரியம்மாவுக்கு அந்தக் கணக்கு தெரியாது. அவருக்குத் தெரிந்தது, தோட்டத்து லயத்தில், அந்தக் கூலி வீட்டு வரிசையில், ஆயா ஒரே வாரத்தில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தது மட்டும். "அப்ப ஊசி இல்லியே டீச்சர். மாரியாத்தாளுக்குக் கூழு ஊத்தறதுதான் இருந்துச்சு." ஆடியில் நாங்கள் இன்றும் கூழ் ஊற்றுகிறோம். டர்பனுக்கு அது குளிர்காலத்து நடுப்பகுதி, ஃப்ளூ இன்னும் சுற்றும் நேரம்.

அன்று சிஸ்டர் வேறு ஒருவர். பெரியம்மா என் பேச்சைக் கேட்டுத் தளர்ந்த நைட்டி மேலே சால்வை போர்த்தி வந்திருந்தார். சால்வையை விலக்கிவிட்டுத் தன் விரலாலேயே எலும்பு விளிம்பிலிருந்து மூன்று விரல் அளந்து, "இங்க" என்று காட்டினார். சிஸ்டர் சிரித்துவிட்டு ஸ்டூலை இழுத்து எதிரில் உட்கார்ந்தார்.

பெரியம்மாவுக்கு எழுத வராது, அதனால் அவருடைய நோட்டு என் கையெழுத்தில் இருக்கிறது. ஏப்ரல் 3 ராத்திரி: "கை வலி, பொறுத்துக்கலாம். தூங்கினேன்." ஏப்ரல் 4: "வலி. சூடு 37. முட்டியும் வலி, அது எப்பவும் உள்ளது." 5-ஆம் தேதி காலை நோட்டோடு போனபோது வீட்டில் ஆளில்லை. பின்கட்டில் கருவேப்பிலை மரத்தடியில் நின்று, ஊசி போட்ட கையால் கிளையை வளைத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு இன்னா எழுதறது பெரியம்மா?" என்றேன், அவர் பேச்சிலேயே.

"ரசத்துக்கு இலை வேணுமான்னு எழுது" என்று ஒரு கொத்தை என் கையில் வைத்தார்.